தார்ப் பாலையில் மான் காக்கும் ஊர்கள்



பாலை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் எழுவது நம் பழம்பாடல்கள் தீட்டிய காட்சியேயாகும். நீரற்ற சுரம், நிழலற்ற மரம், தொலைவிலே நீர்போலத் தோன்றி ஏமாற்றும் பேய்த்தேர், அதை மெய்ந்நீர் என்று நம்பி ஓடி இளைக்கும் மான். இவையே நாம் கற்ற பாலையின் அடையாளங்கள். பாலைநிலத்து மானுக்கு இரங்காத புலவரில்லை எனலாம்.

ஆனால், இந்தியாவின் மேற்கெல்லையை அடுத்துக் கிடக்கும் தார்ப் பாலையிலே, பேய்த்தேரின் பின் ஓடவேண்டிய இடுக்கண் இல்லாத மான்கள் சில ஊர்ப்புறங்களில் வாழ்கின்றன. அவை கமக்காரரின் கம்பு வயலிலே மேய்கின்றன. ஊர்க்குளத்திலே நீர் அருந்துகின்றன. கோடைக்காலத்தில் ஊரவர் நிரப்பி வைக்கும் தொட்டிகளை நாடி வருகின்றன. மனிதர் அருகே நடந்து போனாலும் தலையை நிமிர்த்தி நோக்கிவிட்டு மீண்டும் மேயத் தொடங்குகின்றன. வேலியிட்ட சரணாலயமோ காவலர் நிறைந்த காடோ அல்ல இது. உழவும் கால்நடையும் குழந்தைகளின் கூச்சலும் நிறைந்த சாதாரண ஊர். இவ்வாறான ஊர்களைக் காணச் செல்பவர் எதைக் காணலாம், காணும் காட்சியின் பின்னால் யாது உளது என்பவற்றையே இன்று விளக்க முற்படுகின்றோம்.

இராஜஸ்தான் மாநிலத்திலுள்ள பழைய அரசத் தலைநகரங்களுள் ஒன்றான ஜோத்பூரிலிருந்து தெற்கே இருபது, முப்பது கிலோமீற்றர் தூரம் சென்றால் பிஷ்னோய் மக்கள் வாழும் ஊர்கள் வருகின்றன. குடா, கான்காணி, கேஜட்லி என்பன அவற்றுட் சில. தார் என்றவுடன் மணற்குன்றுகளை மட்டும் எண்ணுதல் தவறு. மணற்குன்றுகள் மேற்கே, ஜைசல்மேர்ப் பக்கத்திலே மிகுதி. ஜோத்பூரைச் சூழ்ந்த நிலமோ செம்மண்ணும் முட்புதரும் சிதறிய மரங்களும் கொண்ட வறண்ட சமவெளி. ஆண்டுக்குச் சராசரி 350 மில்லிமீற்றர் அளவு மழையே இங்கு பெய்கின்றது. அதுவும் யூலை தொடங்கிச் செப்டெம்பர் வரையுள்ள சில நாட்களிலே பெய்து முடிந்துவிடும். சில ஆண்டுகளில் அதுவும் பொய்த்துப் போகும். இவ்வளவு வறிய நிலமாக இருந்தும், உலகத்துப் பாலைகளுள் மக்கள் நெருக்கம் மிகுந்த பாலையாகத் தாரையே அறிஞர் குறிப்பிடுவர். நீர் குறைந்த நிலத்தில் மனிதரும் விலங்கும் மரமும் ஒன்றையொன்று அழிக்காது வாழ்வது எங்ஙனம் என்ற வினா இங்கு ஏட்டு வினா அன்று. அன்றாட வாழ்வின் வினாவாகும்.

அவ்வினாவுக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னர் விடை கூறியவர் ஜாம்போஜி எனப்படும் குரு ஜம்பேஸ்வரர். இவர் 1451ஆம் ஆண்டு நாகோர்ப் பகுதியிலுள்ள பீபாசர் என்னும் ஊரிலே பிறந்தார். இளமையிலே ஆநிரை மேய்த்தவர். கொடிய பஞ்சம் ஒன்று நாட்டை வாட்ட, மரங்களை வெட்டி விற்றும் விலங்குகளைக் கொன்று தின்றும் மக்கள் உயிர் பிழைக்க முயன்றனர் என்றும், மரமும் விலங்கும் அற்றபின் மக்களுக்கும் வாழ்வு அற்றுப்போனதை இவர் கண்டு சிந்தித்தார் என்றும் மரபு கூறுகின்றது. 1485ஆம் ஆண்டிலே சம்ராத்தல் என்னும் மணல்மேட்டில் தம்மைச் சூழ்ந்தவர்களுக்கு இருபத்தொன்பது நெறிகளை இவர் வகுத்தளித்தார். அவர்கள் மொழியில் ‘பீஸ்’ என்றால் இருபது. ‘நௌ’ என்றால் ஒன்பது. இருபத்தொன்பது நெறிகளைக் கைக்கொண்டவர்கள் ஆதலின் பிஷ்னோய்கள் என்ற பெயர் வழங்கலாயிற்று என்பர்.

அந்நெறிகளுட் பல, நீராடல், தூய்மை, வழிபாடு, வாய்மை பற்றியவை. சில மதுவையும் புகையிலையையும் அபினையும் புலாலையும் விலக்குகின்றன. பச்சை மரத்தை வெட்டாதே என்பது ஒரு நெறி. உயிர்களிடத்து இரக்கம் கொள் என்பது மற்றொன்று. நீரையும் பாலையும் வடித்துப் பயன்படுத்த வேண்டும். விறகை எரிக்குமுன் அதில் எறும்போ புழுவோ இருக்கின்றதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். பிஷ்னோய்கள் இறந்தோரைப் பெரும்பாலும் எரிப்பதில்லை, புதைக்கின்றார்கள். ஓர் உடலை எரிக்க வேண்டிய விறகை ஒரு மரத்தினின்றும் பெற வேண்டும் அன்றோ?

இனி, அம்மரத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். தார்ப் பாலையில் ‘கேஜடி’ என்று வழங்கும் மரம் நமக்குப் புதியதன்று. அதுவே நம் வன்னி மரம். விருத்தாசலத் திருக்கோயிலின் தலமரம் அது. பாண்டவர் தம் படைக்கலங்களை ஒளித்து வைத்ததாகப் பாரதம் கூறும் மரமும் அதுவே. நம்மிடையே பெரும்பாலும் கோயில் மரமாக நிற்கும் வன்னி, அங்கே வயல்தோறும் நிற்கின்றது. ஏனெனில் அதன்றி அங்கு உழவில்லை. அதன் வேர் மிக ஆழத்திற் சென்று நீர் தேடுகின்றது. ஆதலால் மேற்பரப்பில் வளரும் கம்புப் பயிரோடு நீருக்காக அது போட்டியிடுவதில்லை. அவரையினத்தைச் சேர்ந்ததாகையால் மண்ணுக்கு உரமூட்டுகின்றது. எல்லாப் புல்லும் கருகிய கோடையிலும் அது பசுமையாய் நின்று நிழல் தருகின்றது. அதன் இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி. ‘சாங்ரி’ எனப்படும் அதன் பிஞ்சுக்காயை உலர்த்தி வைத்துக்கொண்டு, ‘கேர்’ என்ற முட்செடியின் காயோடு சேர்த்துச் சமைத்து, கம்பு ரொட்டியோடு உண்பர். பஞ்ச காலத்தில் அதன் பட்டையையும் இடித்து உண்டு உயிர் தரித்த வரலாறு உண்டு. 1983ஆம் ஆண்டு இராஜஸ்தான் அரசு இதனைத் தன் மாநில மரமாக அறிவித்தது. பச்சை மரத்தை வெட்டாதே என்ற ஜாம்போஜியின் நெறி வெறும் பக்தியுரையன்று என்பதும், அந்நிலத்தை நன்கறிந்த ஒருவரின் பொருளியல் அறிவும் அதிலே அடங்கியுள்ளது என்பதும் இதனால் விளங்கும்.

எனினும், ஒரு நெறி எவ்வளவு உறுதியானது என்பதை அதற்காக மக்கள் எதை இழக்கத் துணிந்தார்கள் என்பதைக் கொண்டே அளக்கலாம். 1730ஆம் ஆண்டு ஜோத்பூர் மன்னர் அபயசிங் புதிய மாளிகை ஒன்றை எழுப்ப விரும்பினார். சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வேண்டியிருந்தது. வன்னி மரங்கள் செறிந்த கேஜட்லி ஊருக்கு மன்னரின் ஆட்கள் கோடரிகளோடு வந்தனர். அவ்வூரிலே அமிர்தாதேவி என்ற பெண், தம் வீட்டருகே நின்ற மரத்தைக் கட்டி அணைத்துக்கொண்டு, ஒரு மரத்தைக் காக்கத் தலையைக் கொடுப்பினும் அது மலிவான விலையே என்ற கருத்துப்படக் கூறினார். கோடரி அவரையும் வீழ்த்தியது. அவரைத் தொடர்ந்து அவருடைய மூன்று பெண்மக்களும் மரத்தை அணைத்து மாண்டனர். செய்தி பரவ, அயலூர்களிலிருந்தும் பிஷ்னோய்கள் வந்து, ஒருவர் பின் ஒருவராக மரங்களை அணைத்து நின்றனர். அங்கு உயிர் துறந்தோர் தொகை 363. அதன்பின்னர் மன்னர் வெட்டுதலை நிறுத்தி, பிஷ்னோய் ஊர்களில் மரம் வெட்டுதலையும் வேட்டையாடுதலையும் தடுத்து ஆணை பிறப்பித்தார் என்பது வரலாறு.

கேஜட்லியிலே இன்று நினைவுத்தூணும் கோயிலும் உள்ளன; மாண்டோர் நினைவாக வன்னி மரங்களும் நடப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் ஆவணி, புரட்டாதியை ஒட்டிய காலத்தில் அங்கு கூட்டம் கூடுகின்றது. இமயமலைச் சாரலில் 1973ஆம் ஆண்டு தொடங்கிய ‘சிப்கோ’ இயக்கத்தினர் மரங்களை அணைத்துக் காத்தபோது உலகம் வியந்தது. அதற்கு 243 ஆண்டுகளுக்கு முன்னரே இப்பாலையூர் மக்கள் அதைச் செய்திருந்தனர். 2013ஆம் ஆண்டு முதல் இந்திய அரசு செப்டெம்பர் 11ஆம் நாளை வனத் தியாகிகள் நாளாகக் கடைப்பிடித்து வருவது இந்நிகழ்ச்சியின் நினைவாகவேயாகும்.

இவ்வரலாற்றை அறிந்தபின் அவ்வூர்களிலே காணும் விலங்குகளை நோக்குவோம். முதன்மையானது இரலை மான். ஆண் இரலை முதிர முதிர அதன் முதுகு கருமை பெறும். வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் வெண்மையாயிருக்கும். முறுக்கிய நீண்ட கொம்புகள் வானை நோக்கி நிற்கும். பெண்ணுக்குக் கொம்பில்லை, நிறமும் வெளிர்பழுப்பு. அஞ்சி ஓடும்போது மணிக்கு எண்பது கிலோமீற்றர் வேகத்தை எட்டவல்லது. பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழகத்துக் கோடிக்கரையிலும் இதே மானினம் வாழ்கின்றது என்பது நேயர்களுக்குச் சுவை தரலாம். அடுத்தது ‘சிங்காரா’ எனப்படும் சிறுமான். பனிநீரையும் தான் உண்ணும் இலைகளிலுள்ள ஈரத்தையும் கொண்டே நெடுநாள் வாழக்கூடியது. இராஜஸ்தானின் மாநில விலங்குகளுள் ஒன்று. குதிரையளவு பருத்த நீலான்களும், மயில்களும், கௌதாரிகளும், பாலைநரியும் இங்கு உண்டு. குடா ஊரின் குளக்கரையிலே மாரிக்காலத்தில் வலசைப் பறவைகள் இறங்குவதையும் காணலாம்.

பறவைகளைக் காண விரும்புவோர், ஜோத்பூரிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 140 கிலோமீற்றர் தொலைவில், பலோதி நகரை அடுத்துள்ள கீச்சன் என்னும் ஊருக்குச் செல்கின்றனர். மங்கோலியாவிலும் மத்திய ஆசியப் புல்வெளிகளிலும் முட்டையிடும் ‘குர்ஜா’ என்ற சாம்பல் நிற நாரைகள், பனிக்காலம் வந்ததும் இமயத்தைக் கடந்து இங்கு வருகின்றன. 1970களில் இவ்வூரார் சிலர் புறாக்களுக்கு இட்ட தானியத்தை உண்ணச் சில குர்ஜாக்களும் வரத் தொடங்கின. ஊரவர் அவற்றை விரட்டவில்லை, தானியத்தை மிகுத்தனர். ஊரிலுள்ள சமண வணிகக் குடும்பங்களும் பிறரும் பொருள் திரட்டினர். நாய்கள் புகாதவாறு அடைப்பு ஒன்றும் அமைத்தனர். இன்று ஒக்டோபர் தொடங்கி மார்ச் வரை பல்லாயிரம் நாரைகள் காலைதோறும் அங்கு வந்து இறங்குகின்றன. 2025ஆம் ஆண்டிலே கீச்சன், உலகச் சிறப்புவாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார்ப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. பாலையூர் ஒன்று ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றமை வியப்பேயாயினும், அதற்கு வழி திறந்தது ஊரவர் அள்ளியிட்ட தானியமே.

நேயர்களே, இங்குதான் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். மான் கூட்டமாக நிற்கும் காட்சி பயணிக்கு இலவசம். கமக்காரருக்கு அது இலவசமன்று. வயலில் மான் மேய்ந்தால் குறைவது அவருடைய விளைச்சல். கோடையில் மானுக்கு வார்க்கும் நீர், அவர் வீட்டுப் பெண்கள் தொலைவிலிருந்து சுமந்தோ விலை கொடுத்தோ பெற்ற நீராக இருத்தல் கூடும். தாயை இழந்த மான்குட்டிக்குத் தம் குழந்தையோடு சேர்த்துப் பாலூட்டிய பெண்கள் இச்சமூகத்தில் உளர். 1998ஆம் ஆண்டு கான்காணி அருகே திரைப்பட நடிகர் ஒருவர் இரலைகளை வேட்டையாடினார் என்று குற்றஞ்சாட்டி வழக்கை விடாது பின்தொடர்ந்தவர்களும் இவ்வூர் மக்களே. இருபது ஆண்டுகள் கழித்து, 2018ஆம் ஆண்டு ஜோத்பூர் நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் மேன்முறையீடு செய்து பிணையில் விடுவிக்கப்பட்டார். வழக்கின் முடிவு எதுவாயினும், ஒரு மானுக்காக இருபது ஆண்டுகள் நீதிமன்றப் படியேறக்கூடிய ஊர்கள் உலகில் எத்தனை இருக்கும்?

ஆகவே இவ்வூர்களுக்குச் செல்பவர் காண்பது இயற்கை அளித்த காட்சி மட்டுமன்று. தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வரும் ஒரு வாக்கின் விளைவுமாகும். இதை அறிந்து செல்பவர் நடத்தையும் அதற்கேற்ப அமைதல் வேண்டும்.

செல்வதற்கு உகந்த காலம் நவம்பர் முதல் பெப்ரவரி வரை. விடியற்காலையும் மாலையும் விலங்குகள் வெளிப்படும் நேரங்கள். விடியலில் குளிர் கடுமையாயிருக்கும், கம்பளியாடை வேண்டும். ஜோத்பூரிலிருந்து வண்டி அமர்த்திச் செல்லலாம். ஆயினும் அவ்வூரைச் சேர்ந்த ஒருவரையே வழிகாட்டியாகக் கொள்வது நன்று. மானைக் கண்டதும் வண்டியால் அதைத் துரத்துதல் பெருந்தவறு. வண்டியை நிறுத்தி, ஒலி அடங்கி, பத்து நிமிடம் பொறுத்திருந்தால் அது தானே மேயத் தொடங்கும். பொறுமையற்றவருக்குப் பாலை எதையும் காட்டுவதில்லை.

ஊருக்குள் சென்றால் சாணமும் மண்ணும் கொண்டு மெழுகிய முற்றமும், கூம்பு வடிவக் கூரை வேய்ந்த வட்டக் குடில்களும், மழைநீரைச் சேர்த்து வைக்கும் ‘டாங்கா’ என்ற நிலக்கீழ்த் தொட்டியும் காணலாம். ஆடவர் பெரும்பாலும் வெண்ணிற உடையிலும் தலைப்பாகையிலும், பெண்டிர் சிவப்பும் பிற ஒளிர்நிறங்களுமான உடையிலும் இருப்பர். அயலூரான சாலாவாசிலே தறியில் அமர்ந்து ‘தரி’ என்ற தடித்த விரிப்புகளை நெய்வோர் உளர். வேறு ஊர்களில் குயவர் சக்கரம் சுழல்கின்றது. பொருள் வாங்க விரும்பினால் நெய்தவரிடமே நேரில் வாங்குதல் முறை. படம் பிடிக்குமுன் ஒப்புதல் கேட்டல் வேண்டும். பெண்களைப் பொறுத்தவரை இது தவறாது பேணவேண்டிய ஒழுங்காகும்.

இன்னொன்றையும் எச்சரிக்கையாகக் கூறலாம். விருந்தினருக்கு அபின் கலந்த நீரை உள்ளங்கையில் வார்த்துக் கொடுக்கும் பழைய வழக்கம் மேற்கு இராஜஸ்தானின் பல சமூகங்களில் இருந்தது. பயணிகளின் ஆர்வத்தைக் கண்டு, அதை ஒரு வேடிக்கைக் காட்சியாக நடித்துக் காட்டுவோரும் உளர். அபினை விலக்கியது ஜாம்போஜியின் நெறி என்பதை முன்னரே கூறினோம். பிஷ்னோய் ஊரைக் காண வந்து அபின் காட்சியைக் கண்டு திரும்புபவர், அவ்வூரின் வாக்கைக் காணாது, அதன் மறுதலையையே கண்டு திரும்புகின்றார். நாம் எதைக் கேட்டுப் பணம் கொடுக்கின்றோமோ அதுவே நமக்குக் காட்டப்படும். ஆதலின் கேட்பதை அறிந்து கேட்டல் பயணியின் கடமையாகும்.

இவ்வூர்களின் வருங்காலம் அச்சமற்றது என்று கூறுவதற்கில்லை. வயல்களுக்கு முட்கம்பி வேலி பெருகுகின்றது. தெருநாய்கள் துரத்த, ஓடும் மான்கள் அக்கம்பிகளிற் சிக்கி மடிகின்றன. தாரின் திறந்த வெளிகளிலே சூரிய ஒளியால் மின்சாரம் ஆக்கும் பெரும் நிலையங்கள் எழுகின்றன. கரியும் எண்ணெயும் எரிக்காத மின்சாரம் உலகுக்கு நன்மையே. ஆனால் அதற்காக வன்னி மரங்கள் வெட்டப்படும்போது, பிக்கானேர்ப் பகுதியிலும் பிற இடங்களிலும் பிஷ்னோய்கள் மீண்டும் திரண்டு எதிர்த்து நிற்கின்றனர். அந்நிலையங்களிலிருந்து செல்லும் உயர்ந்த மின்கம்பிகளில் மோதிக் கானமயில் மடிகின்றது. இராஜஸ்தானின் மாநிலப் பறவையான கானமயில், உடல் பருத்து, நேர்முன்னே தெளிவாகப் பார்க்கும் ஆற்றல் குறைந்தது. கம்பியைக் கண்டு விலகுவதற்குள் மோதிவிடுகின்றது. உலகெங்கும் எஞ்சியிருப்பவை இருநூறுக்கும் குறைவு என்றே கணிக்கப்படுகின்றது. 2021ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் கம்பிகளை நிலத்தடியிற் கொண்டுசெல்லப் பணித்தது. 2024ஆம் ஆண்டு அவ்வாணையைத் தளர்த்தி, வல்லுநர் குழு ஒன்றிடம் இதை ஆராயும் பொறுப்பை ஒப்படைத்தது. மாளிகைக்குச் சுண்ணாம்பு வேண்டும் என்ற பழைய வழக்கு, ஊருக்கு ஒளி வேண்டும் என்ற புதிய வடிவில் மீண்டும் வந்துள்ளது. இம்முறை இரு பக்கமும் நியாயம் இருப்பதே இதன் கடினம்.

பயணி ஒருவரால் இவ்வழக்கைத் தீர்க்க இயலாது. ஆனால் அவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மானைக் கண்டு மகிழ்ந்து திரும்புமுன், அம்மான் மேய்ந்த வயல் யாருடையது என்று கேட்கலாம். அவ்வயலின் நடுவே உழவுக்கு இடையூறாய் நிற்பதுபோலத் தோன்றும் வன்னி மரம் ஏன் வெட்டப்படாமல் நிற்கின்றது என்று கேட்கலாம். ஊர்ப் பெரியவர் ஒருவர் கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டு, அமரச் சொல்லி, அதற்கு விடை கூறுவார். அவ்விடையைக் கேட்பதற்காகவே அவ்வளவு தூரம் செல்லலாம்.